பதினெட்டே மாதத்தில்

காலை எட்டு மணி பத்து நிமிடம். கல்லூரிப் பேருந்து திண்டிவனத்தைத் தாண்டி, கல்லூரிக்குப் பிரியும் சாலை முனையில் மெதுவானது. முதல் வகுப்பு எனக்கு என்பதால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் திரும்பி, "மேடம், அது நீங்கதானே?" என்றார்.

வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து பார்த்தார்கள். இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே, பத்தடி உயரத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் குங்குமம், தலை நிறையப் பூ. என் கணவர் இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. தம்பியின் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த படம். என் தோளை ஒட்டி என் கணவருடைய சந்தன நிறச் சட்டையின் கை மட்டும் மிச்சம் இருந்தது. படத்தின் கீழே எழுதியிருந்ததை யாரோ சத்தமாகப் படித்தார்கள்.

"வேலை பார்த்துக்கொண்டே, வீட்டிலிருந்தபடியே, ஆன்லைன் மூலம் பதினெட்டே மாதத்தில் டாக்டர் பட்டம் வென்ற எங்கள் குடும்ப விளக்கே, வாழ்க!"

'பதினெட்டே' என்ற சொல் மட்டும் சிவப்பில், மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கும் கீழே வரிசையாகத் தலைகள். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட என் தம்பி. மற்ற தலைகளில் ஒன்றைக்கூட எனக்குத் தெரியாது.

"ட்ரீட் எப்போ மேடம்?" என்று பின் இருக்கையில் யாரோ கேட்டார்கள். என் துறையிலேயே வேலை பார்த்த ஒருவர் செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் எடுத்தார். ஒன்பது வருடமாகப் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு அலைந்துகொண்டிருந்தவர் அவர். "பதினெட்டே மாசமா மேடம்? எங்க கைடு பதினெட்டு மாசம் ஆகியும் என் இனிஷியலயே தப்பாதான் சொல்லிக்கினு இருந்தாரு" என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். கை மட்டும் முன் இருக்கைக் கம்பியை விடவில்லை.

அந்தப் பட்டத்தைப் பற்றி என்னிடம் சொல்லப்பட்ட ஒரே எச்சரிக்கை, சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். சொன்னவர் எங்கள் முதல்வர். என் வேலை அந்த ஒரு பட்டத்தில் நின்றிருந்தது. எனக்கும் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கும் அந்த வேலையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இதை எழுத 1993-க்குப் போக வேண்டியிருக்கிறது. எம்.காம். முடித்த கையோடு நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லையே அதுவரை யாரும் உச்சரித்ததில்லை. என் நெறியாளருக்கு என்னைவிட என் கையெழுத்து பிடித்திருந்தது. அவர் திருத்தும் விடைத்தாள்களுக்கு நான் மதிப்பெண் கூட்டிப் போட்டேன். அவர் எழுதும் பாடநூலுக்குப் பிரதி எடுத்தேன். அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பத்திரிகைகளில் மஞ்சள் தடவினேன். என் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு போனால், "அவசரப்படாதம்மா. ஆராய்ச்சின்னா ஊறணும்" என்பார். ஊறிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வருடம், "முதல்ல கல்யாணத்தைப் பண்ணிக்கம்மா, இது எங்க ஓடிப் போவுது" என்றார். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், பதிவு காலாவதியானது. முடிந்துவிட்டது என்று ஒரு வரி எழுதித் தெரிவிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனம் பக்கத்தில் இந்தத் தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். 2011-இல் ஒருநாள் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்‌ஷன் வரப் போவுதும்மா. டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு டாக்டராவது காட்டணும். இல்லன்னா வெளியில இருந்துதான் ஆள் போடணும். அப்புறம் உங்களை வெச்சிக்கறது கஷ்டம்."

"எவ்வளவு நாள் இருக்கு சார்?"

"ரெண்டு வருஷம்னு வெச்சிக்கங்களேன்."

"ரெண்டு வருஷத்துல எந்த யுனிவர்சிட்டியில சார் தருவாங்க?"

"ஆன்லைன்ல தர்றாங்களாமே. ஆன்லைனோ ஆஃப்லைனோ, பேருக்கு முன்னாடி ரெண்டு எழுத்து வேணும். அவ்வளவுதான்."

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் படிப்பு மையம் பாண்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. டை கட்டியிருந்தவர் என் பதின்மூன்று வருட ஆசிரியப் பணியைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "உங்களுக்குக் கோர்ஸ் வொர்க்குல பாதி தள்ளுபடி மேடம். நீங்க ஸ்பீடா போனா யுனிவர்சிட்டி தடுக்காது. அதான் நம்ம ஸ்பெஷாலிட்டி" என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இது செல்லுமா சார்?"

"வேர்ல்டு ஃபுல்லா செல்லும் மேடம்."

அந்த உலகத்தில் திண்டிவனம் சேரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆனால் படிப்பைப் பற்றி ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். நான் படித்தேன். திண்டிவனத்தில் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க விழுப்புரத்தில் காலை பாசஞ்சரில் ஏறி மடியில் லேப்டாப்பை வைத்தால், முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் புளித்த வாடை ஜன்னல் வழியாக வரும்போது ஒரு பக்கம் முடிந்திருக்கும். மயிலம் வருவதற்குள் அடுத்ததும் முடிந்துவிடும். அந்த வருடம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரண்ட் இருக்கும் நேரத்தைப் பார்த்து மாவரைக்கிறவர்கள் மாதிரி நான் அத்தியாயங்களை இணையத்தில் ஏற்றினேன். இரண்டாம் நாள் திருத்தம் வந்துவிடும். இங்கே மூன்று வருடம் ஒரு அத்தியாயத்தையும் திறக்காத மனிதரைப் பார்த்திருந்த எனக்கு, எங்கோ குளிர் நாட்டில் இருந்த அந்த நெறியாளர் நான் போட்ட ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் கேள்வி கேட்டது அழுகையை வரவழைத்தது. சந்தோஷ அழுகைதான்.

விவசாயிகள் விளைச்சலை எப்போது விற்பது, யாரிடம் விற்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. சனிக்கிழமைகளில் திண்டிவனம் கமிட்டிக்குப் போவேன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஊரில் அதுதான் பெயர். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு பெரியவர் என் கேள்வி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "யம்மா, இதெல்லாம் எழுதிக்கினு போயி வெல ஏத்தித் தரப் போறியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. என் படிப்புக்குத்தான்."

"அப்ப எங்க மல்லாட்டய வெச்சி நீ டாக்டராயிடுவ. நாங்க இங்கியே கெடப்போம்."

"மல்லாட்டை டாக்டரு!" என்று பக்கத்தில் இருந்தவர் சொல்ல, மூட்டை தூக்குகிறவர்கள் வரை சிரித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அதை எழுதவும் செய்தேன். மல்லாட்டை என்றால் என்ன என்று நெறியாளர் கேட்டபோது, நிலக்கடலை என்று சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் மட்டும்தான் அப்படிச் சொல்வோம் என்று ஏதோ என் நிலத்தைக் காட்டுகிற மாதிரி சொன்னேன்.

பதினெட்டு மாதத்தில் முடித்தேன். 2012 கடைசியில் கூரியரில் பட்டம் வந்தது. அடுத்த மாதமே இன்ஸ்பெக்‌ஷன். வந்தவர்களிடம் முதல்வர் என்னைக் காட்டி, "எங்க காமர்ஸ் ஹெட், டாக்டர்" என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். மதியம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். போனதும் முதல்வர் என் பக்கம் திரும்பி, "எந்த யுனிவர்சிட்டி, எவ்வளவு நாள்னு எல்லாம் வெளியில பேசிக்கினு இருக்காதீங்க. சத்தமில்லாம வெச்சிக்கங்க" என்றார்.

நான் வெளியில் யாரிடமும் பேசவில்லை. தம்பியிடம் மட்டும் சொன்னேன்.

தம்பிக்கு வளவனூரில் பம்புசெட், பைப்புக் கடை. அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் கணவர் இறந்த மறு வருடம் அவன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். அத்தைதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றியது எங்கள் சித்தப்பா மகள். பத்திரிகையில் என் பெயர் இல்லை. மண்டபத்தில் கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருக்க, அவன் என் பக்கம் வராமலே பந்தியைப் பார்க்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான். வந்தவர்கள் போன பிறகு, "அக்கா, நம்ம கையில ஒண்ணும் இல்லக்கா" என்றான்.

அதற்குத்தான் இந்தப் பேனர். அன்று முதல் வகுப்பு முடிந்ததும் வராண்டாவில் நின்று அவனுக்குப் போன் செய்தேன்.

"டேய், அத எடுத்துடுடா."

"ஏன்க்கா, படம் நல்லா இல்லியா? டிசைன் பண்ற பையன்கிட்ட மூணு வாட்டி மாத்தச் சொன்னேன். சும்மா தகதகன்னு இருக்குல்ல?"

"உன்னை யாருடா இங்க வெக்கச் சொன்னது?"

"வளவனூர்ல ஒண்ணு வெச்சிட்டேன். உன் காலேஜுகாரனுங்க பாக்க வேணாமா? இனிமே எவனாச்சும் எங்க அக்கா பேரைப் போடாம பத்திரிகை அடிக்கட்டும், பாக்கறேன்."

"பதினெட்டு மாசம்னு எதுக்குடா போட்ட?" என்றேன்.

"அதானேக்கா விசேஷமே! அவனவன் பத்து வருஷம் உருட்டறான். நீ வேலையும் பாத்துக்கினு ஜல்தியா முடிச்சிட்டேல்ல? ஜல்தியா முடிச்சா அது தப்பா?"

தப்புதான். ஆனால் அதை அவனுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்தால் பாராட்டுவார்கள். நாற்று நடுவதானாலும் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதானாலும் அப்படித்தான். மெதுவாக முடித்தால்தான் மதிப்பு என்று ஒரு இடம் இருப்பதை அவன் பார்த்ததில்லை. மாலைக்குள் ஆள் அனுப்பிப் பேனரைக் கழற்றினான். அதற்குள் அது எத்தனை செல்போன்களுக்குப் போயிருந்தது என்று யாருக்குத் தெரியும்.

மாசி மாதம், எங்கள் கல்லூரி இணைந்திருந்த பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. படத்தோடு யாரோ புகார் அனுப்பியிருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. பேருந்தில் படம் எடுத்தவர்தான் என்று பல நாள் நினைத்தேன். ஒருவேளை அவராக இல்லாமலும் இருக்கலாம். அவரும் பாவம், இன்னும் முடிக்கவில்லை என்று கேள்வி.

முதல்வர் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"நம்ம நாட்டு டிகிரிக்கு இது சமம்னு டெல்லியில சர்டிஃபிகேட் வாங்கிக்கினு வாங்க. இல்லன்னா இந்த வருஷத்தோட முடிச்சிக்கணும்."

"சார், நீங்கதானே ஆன்லைன்ல பண்ணச் சொன்னீங்க?"

"டாக்டர் பட்டம் வாங்குங்கன்னு சொன்னேன். செல்லாத பட்டத்தை வாங்குங்கன்னா சொன்னேன்? நீங்க காலேஜையே ஏமாத்திட்டீங்களேம்மா."

ஏமாத்திட்டீங்க என்ற சொல்லை அவர் நிதானமாகச் சொன்னார். முன்பே சொல்லிப் பார்த்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

பாண்டிக்கு ஓடினேன். பேக்கரி இருந்தது, மாடியில் டை கட்டியவரும் இருந்தார். "நாங்க சேர்த்துவிடறது மட்டும்தான் மேடம். சமமா இல்லியான்றது உங்க கவர்மென்ட் விஷயம்" என்றார். எழுதிக் கேட்டதற்கு டெல்லியிலிருந்து பதில் வந்தது. நேரில் போகாமல் தொலைவழியில் பெற்ற முனைவர் பட்டத்தை ஏற்பதற்கில்லை. அவ்வளவுதான். நான் என்ன எழுதியிருந்தேன், மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் எத்தனை சனிக்கிழமை உட்கார்ந்தேன் என்று யாருக்கும் ஒரு கேள்வி இல்லை. ஆய்வேடு மோசம் என்று சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். அதை யாரும் திறக்கவே இல்லை. 1993-இலும் திறக்கவில்லை. அன்று மெதுவாக இருந்தேன், இப்போது வேகமாக இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளுக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. அவளிடம் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் டியூஷனிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, அப்ப நீ டாக்டரா, இல்லியா?"

"யாரு சொன்னா?"

"டியூஷன்ல ஒரு பொண்ணு. அவங்க அப்பா உங்க காலேஜுலதான் இருக்காராம். உங்க அம்மாது டூப்ளிகேட்டாமேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா. நான் அறைஞ்சிட்டேன்."

"டூப்ளிகேட் இல்லடி. நிஜமா படிச்சேன். நீயே பாத்த இல்ல?"

"அப்ப டாக்டர்தானே?"

"டாக்டர்தான். இங்க மட்டும் இல்ல."

"வேற எங்கம்மா?"

தோசைக்கல்லைப் போட்டேன். அவள் சாப்பிடாமல் போய்க் கணக்குப் புத்தகத்தை விரித்தாள். அந்தப் பரீட்சையில் அவள் எதிர்பார்த்தது வரவில்லை. அதற்கு நான் காரணம் இல்லை என்று அவள் இன்றும் சொல்கிறாள். அவள் சொல்வதை நம்ப முடியாமல்தான் இருக்கிறேன். இப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு மேற்படிப்பு ஏதாவது படிக்கட்டுமா என்று அவள் போனில் கேட்டால், என்ன படிப்பு என்று கேட்பதற்கு முன்பே செல்லுமா என்று கேட்கிறேன். "அம்மா, ஆரம்பிச்சிட்டியா?" என்பாள்.

தேர்வுகள் முடிந்ததும் கல்லூரி என்னை அனுப்பிவிடும் என்று பயந்தேன். அனுப்பவில்லை. எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் கோடை என்றால் ஆசிரியர்களுக்கு விடுமுறை இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். கேன்வாஸ் என்று பெயர். முதல்வர் என்னிடம், "செகரட்டரி வந்து முடிவு சொல்லுவாரு. அது வரைக்கும் கேன்வாஸ் போங்க. நல்லா கொண்டாந்தீங்கன்னா அவரும் யோசிப்பாரு" என்றார்.

நான் போனேன். பட்டம் வேண்டாம், துறைத் தலைமை வேண்டாம், பழைய மாதிரி வெறும் விரிவுரையாளராகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, சித்திரை வெயிலில் கண்டமங்கலம், மயிலம், மரக்காணம் என்று வேனில் சுற்றினேன். கொடுத்த நோட்டீஸில் 'முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள்' என்று தலைப்புப் போட்டு முதல் பெயராக என் பெயர் அச்சாகியிருந்தது. பெயருக்கு முன்னால் டாக்டர். கல்லூரிக்குள் செல்லாத எழுத்து வெளியில் மட்டும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. என் கையாலேயே அதை வீடு வீடாகக் கொடுத்தேன்.

மரக்காணம் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பில், மகளைக் கல்லூரிக்கு அனுப்ப ஆசைப்பட்ட ஒரு அம்மா நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. வலை உலர்த்தியிருந்த மணலில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்.

"ஏன் டீச்சர், அவ்ளோ தூரம் பஸ் ஏறிப் போயி படிச்சா, உங்க காலேஜு சர்டிபிகேட்டு செல்லும்ல?"

"செல்லும்மா" என்றேன்.

"நீங்க சொன்னா சரி. நீங்க டாக்டராமே, வேன்காரத் தம்பி சொல்லிச்சி."

அந்தப் பெண்ணையும் சேர்த்து அந்தக் கோடையில் நான் கொண்டுவந்த பிள்ளைகளைப் போல வேறு யாரும் கொண்டுவரவில்லை என்று முதல்வரே ஊழியர் கூட்டத்தில் சொன்னார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் எரிகிறது.

மே மாதக் கடைசியில் செகரட்டரி வருகிறார் என்று சொன்னார்கள். கல்லூரி அவருடைய குடும்பத்துக்குச் சொந்தம். காலையிலிருந்து அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தேன். அட்மிஷன் கூட்டம் என்னைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது. கமிட்டியில் பார்த்த முகம் ஒன்று, மகனோடு வந்திருந்தது. என்னைப் பார்த்து, "டீச்சர், எந்த ரூமு?" என்று கேட்டார். எழுந்து காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் போனது. திறந்த டப்பாவை அப்படியே மூடி வைத்தேன். உள்ளே போனால் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப அடுக்கினேன். கணவர் இல்லை என்று சொல்லக் கூடாது, அழக் கூடாது, முதல்வர் சொன்னதைச் சொல்லக் கூடாது, மனுவைப் பார்த்தீர்களா சார் என்று மட்டும் கேட்க வேண்டும்.

மூன்று மணிக்கு மேல் வெள்ளைக் கார் வந்து நின்றது. செகரட்டரி இறங்கினார். நான் எழுந்து வணக்கம் சொன்னதும், போகிறவர் நின்றார். நல்ல மனிதர், எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"என்னம்மா, நல்லா இருக்கீங்களா? வெயில்ல ரொம்ப அலைஞ்சீங்கன்னு சொன்னாங்க."

"சார், அந்த மனு..."

"பிரின்ஸ்பால் சொன்னாரு. ஆபீஸ்ல கணக்கு முடிச்சி வெச்சிருக்காங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க." வாசலில் கால் வைத்தவர் ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார். "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா இல்ல? எங்கியும் அலைய வேணாம்மா, நம்ம காலேஜுலயே சேத்துடுங்க. உங்க டிபார்ட்மென்ட்டுக்கு இந்த வருஷம் நல்ல ஸ்டாஃபா போடறோம்."